முட்டிடிச்சான் பாறையில் எங்கள் ஆயா

போன பொங்கல் லீவில் ஏற்காட்டிலிருந்து வேன் பிடித்து, எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலைச் சேர்ந்த பதினெட்டுப் பேர் புனித தேவசகாயத்தின் இடங்களுக்குத் திருயாத்திரை போய் வந்தோம். காப்பிப் பழம் பறிக்கிற நேரம். பாதிப் பேர் மூன்று நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். ராத்திரி மலை இறங்கி, சேலம் தாண்டி, விடிந்தபோது குமரி மாவட்டம்.

முதலில் புலியூர்க்குறிச்சி. திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரியாக இருந்தவர் தேவசகாயம். கிறிஸ்தவராகி, எல்லாச் சாதியும் சமம் என்று சொல்லி, அப்படியே பழகியும் வந்தார். 1749-இல் கைது செய்து, எருமை மேல் உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். தாகத்தில் தவித்தவர் முழங்கையால் பாறையை இடிக்கத் தண்ணீர் வந்தது என்பது மக்களின் நம்பிக்கை. அதுதான் முட்டிடிச்சான் பாறை.

அந்தத் தண்ணீரை ஆயா இரண்டு கையிலும் ஏந்திக் குடித்தார். குடித்த பிறகும் குவித்த கையைப் பிரிக்கவில்லை. "சின்ன வயசுல தோட்டத்துல தண்ணி கேட்டா இப்படித்தான் நிக்கணும் சாமி. மேலருந்து ஊத்துவாங்க. நம்ம கை அவங்க செம்புல பட்டுடக் கூடாது. பட்டுச்சுன்னா செம்பை மண்ணு போட்டு வெளக்குவாங்க" என்றார். ஆயாவுக்கு எழுபத்தாறு வயது. அதுவரை இதை எங்கள் யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம்கூட.

அப்புறம் ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. 1752 ஜனவரி 14-இல் அவரைச் சுட்டுக் கொன்ற இடம். அங்கே மணியடிச்சான் பாறையைச் சின்னக் கல்லால் தட்டினால் மணி போலவே ஒலிக்கிறது. அக்கா மகள் தட்டிக்கொண்டே இருந்தாள், யாரும் தடுக்கவில்லை.

எனக்குத் தாங்க முடியாமல் போனது வடக்கன்குளம். 1745-இல் அவர் ஞானஸ்நானம் வாங்கிய ஊர். அதே ஊரில் பின்னாளில் கட்டிய கோயிலில் சாதிவாரியாக மக்களைப் பிரிக்க நடுவே சுவர் இருந்தது. அதை இடிக்க 1910 வரை ஆனது. 2022 மே 15-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன்பே, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் எடுத்துவிட்டது. சரியான காரியம். ஆனால் சுவர்?

என் மாமா ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இன்றைக்கும் நடுவில் ஒரு சுவர் நிற்கிறது. மாமாவைச் சுவருக்கு இந்தப் பக்கம்தான் புதைத்தோம். கோட்டாறு சவேரியார் கோயிலில் தேவசகாயத்தின் கல்லறைமுன் முழங்காலில் நின்றபோது எனக்கு அந்தச் சுவர்தான் நினைவில் இருந்தது. திரும்பும்போது வேனில் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

சுவரை எடுக்கச் சொல்லி மாமா மகன் மனு எழுதி ஊரில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறான். போன வாரம் வீட்டுக்கு வந்தவனிடம் ஆயா தாளை வாங்கி, அது தன் பங்குக் கோயில் இல்லை என்று தெரிந்தும் கைநாட்டு வைத்துக் கொடுத்தார்.