புதுப்பிப்பு: காலியாகத் தெரிந்த செய்திப் பகுதி சரியாகிவிட்டது

ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மோடத்தில் ஓடும் என் பிபிஎஸ்ஸில் (தொலைபேசியில் டயல் செய்து நுழையும் செய்திப் பலகை; அதை நடத்தும் மென்பொருள் மேக்ஸிமஸ்), எக்கோமெயில் (பல பலகைகள் தமக்குள் பகிரும் பொதுக் கடிதங்கள்) வந்தும் ஒரு செய்திப் பகுதி காலியாகத் தெரிகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது. வரும் கடிதங்களைப் பகுதிவாரியாகப் பிரித்துப் போடும் ஸ்க்விஷ் நிரலின் அமைப்புக் கோப்பில், அந்தப் பகுதிக்கான வரியில் கழித்தல் குறியும் டாலர் குறியும் (-$, ஸ்க்விஷ் வடிவத்தில் சேமி என்று பொருள்) விடுபட்டிருந்தன. அதனால் ஒவ்வொரு கடிதமும் தனித்தனி எம்எஸ்ஜி கோப்பாக விழுந்திருக்கிறது. கோப்புறையைத் திறந்தால் 2, 3, 4 என்று வரிசையாக நிற்கின்றன. (எக்கோமெயிலில் 1 என்ற கோப்பு கடிதம் அல்ல, எதுவரை அனுப்பியாயிற்று என்ற குறிப்பு.) மேக்ஸிமஸோ, ஒரு பகுதியின் கடிதங்களையெல்லாம் சேர்த்து வைக்கும் ஸ்க்விஷ் வடிவத்தில் தேடிக்கொண்டிருந்தது.

குறிகளைச் சேர்த்தேன். அப்புறம் ஸ்க்கான்வர் (SQCONVER) என்ற வடிவ மாற்று நிரலைக் கொண்டு பழைய கடிதங்களையும் ஸ்க்விஷ் வடிவத்துக்கு மாற்றினேன், ஒன்றுகூடத் தொலையவில்லை! நேற்று இரவு தம்பி திருவான்மியூரிலிருந்து டயல் செய்து, முதல் பதிலை எழுதினான்.