புதுப்பிப்பு: பிசிஆர் மெஷினில் ஓரக் குழிகளில் சிடி தள்ளி வந்த சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. டர்பனில் எங்கள் ஆய்வகத்து பிசிஆர் மெஷினில் (டிஎன்ஏவைச் சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பாக்கும் கருவி) பிளேட்டின் 96 குழிகளிலும் ஒரே மாதிரியைப் போட்டாலும் ஓரத்தில் மட்டும் சிடி (Ct, அதாவது ஒளி கண்டறியும் அளவை எட்டும் சுற்றின் எண்) ஒரு சுற்று தள்ளி வருகிறது, ஏன் என்று கேட்டிருந்தேன். ஒரு சுற்று என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம், விட முடியுமா?

முதலில் வெப்ப உணரி வைத்து, பிளேட் உட்காரும் உலோக பிளாக்கின் வெப்பநிலையை அளந்தோம். 95, 60 டிகிரி இரண்டிலும் நடுவுக்கும் ஓரத்துக்கும் 0.3 டிகிரிதான் வித்தியாசம். வீணாக பிளாக்கைத் திட்டிவிட்டேன். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் பிளேட்டை எடை போடச் சொன்ன அக்காவின் யோசனைதான் கைகொடுத்தது: எடை குறைந்திருந்தது, பிளேட்டை மூடும் ஃபிலிம் ஓரத்தில் சரியாக ஒட்டாமல் திரவம் ஆவியாகியிருக்கிறது. விரலால் தேய்ப்பதை விட்டு, பிளாஸ்டிக் தகடால் ஓரங்களை அழுத்தியதும் சரியாகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: பின்னணி ஒளியைச் சோதித்தபோது சி7 குழி ஒளிர்ந்தது. எப்போதோ சிந்திய சாயம்! ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்ததும் போய்விட்டது.