கோபுர நிதியோடு உபதேசியார் ஐயாவின் படிப்பும்

அன்பான ஊர் உறவுகளுக்குத் தோத்திரம்.

ஆலயக் கோபுரத்தை உயர்த்திக் கட்டப் பணம் அனுப்பிய அண்ணாச்சிமார் யாரும் என்மேல் வருத்தப்பட வேண்டாம். என் பங்கையும் தருகிறேன். ஆனால் அந்த நிதியில் இன்னொரு செலவுக்கும், அதாவது ஊரிலேயே இருந்து நம் சபையைக் கவனிக்கிற உபதேசியார் ஐயாவின் படிப்புக்கும், இடம் கேட்டு எழுதுகிறேன்.

சபையாரெல்லாம் கூடி உண்ணும் அசனப் பண்டிகைக்குச் சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது உபதேசியார் ஐயா வீட்டுத் திண்ணையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சேகர குருவானவருக்குப் பல ஊர்கள். நமக்கு மாதம் ஒருமுறை திருவிருந்துக்கு வருகிறார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம், சாவு வீட்டில் முதல் ஜெபம், ஆஸ்பத்திரிக்குத் துணை, குடித்துவிட்டு அடிக்கிறவனிடம் போய்ப் பேசுவது எல்லாம் இவர்தான். பக்கத்து ஊர்ச் சபையையும் இவரே பார்க்கிறார்.

"தம்பி, நான் பயிற்சி முடித்து 22 வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு யாரும் என்னை உட்காரவைத்து எதுவும் சொல்லித் தரவில்லை. பிள்ளைகள் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறார்கள். பதில் தெரியாமல் ஜெபம் செய்து அனுப்பிவிடுகிறேன்" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த அசரியா ஐயரைப் பற்றிச் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர், 1912-இல் அபிஷேகம் பெற்றார் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். நான் அவரிடம் வியப்பது வேறு. 1909-இல் ஐதராபாத் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல்லுக்குப் போனவர், முதலில் கூடாரத்தில்தான் குடியிருந்தார். பேசுவதற்குத் தெலுங்கைப் புதிதாகக் கற்றார். சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள்; நிலமில்லாத கூலிகள், எழுத்தறியாதவர்கள். பகல் முழுவதும் பிறர் வயலில் உழைத்துவிட்டு இருட்டிய பிறகுதான் ஆராதனைக்கு வர முடியும். இப்படிப்பட்ட ஊர்களுக்கு வாத்தியாராகவும் சபை ஊழியராகவும் இருக்கக்கூடியவர்களை அந்த மக்களிடமிருந்தே எடுத்துப் பயிற்றுவித்தார். கல்யாணமானவர்கள் மனைவியோடு வந்து தங்கினார்கள்; மனைவிமாருக்கும் பாடம் நடந்தது. அதில் அசரியா ஐயரின் மனைவி அன்பு அம்மாளின் உழைப்பு பெரிது. வாசிக்கத் தெரியாதவனுக்கும் வேதம் போய்ச் சேரும்படி, தெலுங்குக் கீர்த்தனைகளும் மனப்பாடமும் பாடமுறையாயின.

நம் உபதேசியார் அம்மாவை நினைத்துப் பாருங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தை இத்தனை வருஷமாக நடத்துகிற அவர்களுக்கு ஒருநாள் பயிற்சிகூட யாரும் கொடுத்ததில்லை. இது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு இவர்கள் மதுரைக்கோ பெங்களூருக்கோ போய் இறையியல் கல்லூரியில் தங்கிப் படிக்க முடியாது. இதே சிக்கல் மத்திய அமெரிக்காவின் குவாதமாலா நாட்டுப் பிரஸ்பிட்டேரியன் சபைக்கும் இருந்தது. 1963-இல் அவர்கள் எடுத்த முடிவு எளிமையானது: மாணவன் ஊரிலேயே இருந்து தினமும் பாடம் படிப்பான், ஆசிரியர் வாரம் ஒருமுறை பக்கத்து மையத்துக்கு வந்து கலந்து பேசுவார். 1970-களிலிருந்து இந்தியாவிலும் இந்த முறை நடக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். கோபுர நிதியில் பத்தில் ஒரு பங்கை மூன்று வருஷத்துக்கு ஒதுக்குவோம். தமிழ்ப் புத்தகங்கள், வந்து கற்பிப்பவரின் பயணச்செலவு, உபதேசியார் ஐயா வகுப்பில் இருக்கும் நாளில் பக்கத்துச் சபையைப் பார்ப்பவருக்குப் படி, எல்லாம் அதில் அடங்கிவிடும். வகுப்பில் ஐயாவும் அம்மாவும் மட்டும் போதாது. நன்றாக வேதம் வாசிக்கிற பீடி சுற்றும் அக்காமார் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். பனையேறும் இளைஞர்களும் உண்டு. ஆகவே பதனீர்க் காலம் முடிந்த பிறகு, சாயங்காலத்தில் வைக்க வேண்டும்.

குருவானவரிடமும் சபைக் கமிட்டியிடமும் முதலில் கேட்க வேண்டும். நம் இஷ்டத்துக்கு வெளியிலிருந்து எதையும் திணிக்கக் கூடாது. அடுத்த ஞாயிறு நான் அவர்களோடு போனில் பேசலாமா என்று மட்டும் இப்போது சொல்லுங்கள். குறிப்பாக, வளைகுடாவில் இருக்கும் தம்பிமாரின் பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.