கரிசல் மண் வீட்டில் மிளகு: தொட்டிக்கு எந்தக் கலவை?

மாடிமிளகு:
வணக்கம். வீடு கோவைக்குக் கிழக்கே, மண் சுத்தக் கரிசல். பிஎச் (புளிப்பு, கார அளவு; 7 நடுநிலை) 8.2, வினிகர் விட்டால் நுரைக்கிறது. 14 அங்குலத் தொட்டி மூன்றில் பன்னியூர்-1 ரகப் புதர் மிளகு (பக்கக் கிளையிலிருந்து எடுத்தது, கொடியாக ஏறாது) வைக்கப் போகிறேன். மிளகு காட்டு நிழலில் வளரும் கொடி, அதற்குக் காட்டு மண் மாதிரி வேண்டும் என்கிறார்கள். இந்தக் கரிசலிலேயே ஜிப்சமும் சாண எருவும் கலந்து சமாளிக்கலாமா? இல்லை, மலையடிவாரக் காட்டிலிருந்து இரண்டு மூட்டை மண் அள்ளி வரலாமா? தொட்டி அடியில் ஜல்லி எத்தனை அங்குலம் போட வேண்டும்? பாய்ச்ச போர் தண்ணீர்தான்.

செம்மண்தட்டு:
கரிசலை விட்டுடுங்க. நுரைக்குதுன்னா சுண்ணாம்பு இருக்கு. ஜிப்சம் களர் மண்ணில் சோடியத்தை வெளியேற்றத்தான் உதவும், சுண்ணாம்பு மண்ணில் பிஎச் இறங்காது. கந்தகம் இறக்கும், ஆனா கணக்குப் பாருங்க: 100 கிராம் சுண்ணாம்பைத் தீர்க்க 32 கிராம் கந்தகம் வேணும். 20 கிலோ மண்ணில் 5 சதவீதம் சுண்ணாம்புன்னா ஒரு கிலோ; அதுக்கு 320 கிராம் கந்தகம். நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க மாதக்கணக்கில் ஆகும், கடைசியில் தொட்டிக்குள்ள ஒன்றரை கிலோவுக்கு மேல் ஜிப்சம் தங்கும். மூணு தொட்டிக்கு இந்தப் பாடு எதுக்கு?

காட்டு மண் வேண்டவே வேண்டாம். காப்புக்காட்டில் மண் அள்ளுறது 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றம். அதோட வாடல் பூஞ்சையும் வேரைத் தாக்குற நூற்புழுவும் இலவசமா வரும்.

காட்டு மண்ணுன்னதும் எரு கொழுத்த மண்ணுன்னு நினைச்சுக்கிறாங்க. அது அப்படியில்லை. மேலே சருகு, அடுத்து பாதி மட்கின இலை, அதுக்குக் கீழே பொலபொலன்னு கறுத்த மண். எவ்வளவு மழை பெய்தாலும் தேங்காது, ஆனா ஈரம் விடாது, லேசா புளிப்பு. மிளகுக்கு பிஎச் 5.5 முதல் 6.5 வரை போதும். சாணத்தைப் பாதிக்குப் பாதி போட்டா இந்தக் குணம் ஒண்ணுகூட வராது, தொட்டி சேறாகும்.

ஒரு தொட்டிக்கு 20 லிட்டர் கலவைன்னு வெச்சுக்கிட்டா (எல்லாமே கொள்ளளவு, எடை இல்லை): சுண்ணாம்பில்லாத செம்மண் 6 லிட்டர், சல்லடையில் சலித்த இலைமட்கு 6, கழுவின தென்னை நார்க்கழிவு 3, 2 முதல் 4 மி.மீ. பருமணல் 3, மண்புழு உரம் 1, உடைச்ச அடுப்புக்கரி 1. இதோட வேப்பம் புண்ணாக்கு 100 கிராம். எம்-சாண்ட் வாங்கினா தூள் போகிற வரைக்கும் அலசுங்க, அந்தத் தூள்தான் சிமெண்ட் மாதிரி இறுகும். நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூணு தடவை ஊறவெச்சுப் பிழியணும். செம்மண்ணையும் வினிகர் விட்டுப் பார்த்துட்டே வாங்குங்க.

கலந்ததும் நடக்கூடாது. புண்ணாக்கு மட்கும்போது சூடும் அம்மோனியாவும் கிளம்பி இளவேரைக் கருக்கும். ஈரமாக்கி, நிழல்ல சாக்கு போட்டு மூடி, வாரம் ஒரு தடவை புரட்டி, 20 நாள் கழிச்சு நடுங்க.

வேர்முடிச்சு:
கலவை சரி. ஒன்று சேர்க்கிறேன், ஒன்று திருத்துகிறேன்.

சேர்ப்பது: மிளகைத் தொட்டியில் கொல்வது பெரும்பாலும் பைட்டோப்தோரா என்ற கிருமியால் வரும் வாடல் நோய். ஈரம் இருக்கும்போதே இலை தொங்கும், தண்டின் அடி கறுத்து நாறும். அந்த நிலையில் மருந்து ஊற்றி மீட்பது அரிது, அதனால் மண்ணிலேயே தடுக்க வேண்டும். 10 கிலோ மட்கிய எருவில் 100 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்க் கிருமியை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் 15 நாள் மூடி வையுங்கள். நடும்போது தொட்டிக்கு அரை கிலோ போதும். போர்டோ கலவையோ வேறு தாமிர மருந்தோ ஊற்றினால் முன்னும் பின்னும் 15 நாள் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் டிரைக்கோடெர்மாவும் செத்துவிடும். பழைய தொட்டி மண்ணைச் செம்மண்ணுக்குப் பதில் சேர்ப்பதாக இருந்தால், ஏப்ரல், மே வெயிலில் 15 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, நனைத்து, நிறமற்ற பாலித்தீனால் ஓரம் அடைத்து மூடி, ஒரு மாதம் விடுங்கள். நூற்புழு வெகுவாகக் குறையும். டிரைக்கோடெர்மா அதற்குப் பிறகுதான்.

திருத்துவது: ஜல்லி. அடியில் ஜல்லி போட்டால் வடிகால் கூடும் என்பது பழைய நம்பிக்கை. பொடி மண்ணிலிருந்து தண்ணீர் ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் எளிதில் இறங்காது. மண் நன்றாக ஊறிய பிறகுதான் சொட்டும். அந்த ஊறிய பகுதி சாதாரணமாகத் தொட்டியின் தரையில் இருக்கும். நான்கு அங்குலம் ஜல்லி போட்டால் அது நான்கு அங்குலம் மேலேறி வேருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். துளையின் மேல் ஒரு ஓட்டுச் சில்லு வைத்தால் போதும். தொட்டியைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

மாடிமிளகு:
நன்றி. ஜல்லி ரத்து. கலவை சரியாக வந்திருக்கிறதா என்று நடும் முன் எப்படிப் பார்ப்பது? போர் தண்ணீர் பற்றி யாரும் சொல்லவில்லையே.

தாழ்வாரம்:
கலவையை நனைத்து, வடிந்த பின் ஒரு கைப்பிடி இறுக்கிப் பிடியுங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உருண்டை உடையாவிட்டால் மணல் போதவில்லை. சேராமலே சிதறினால் இலைமட்கு போதவில்லை. பிஎச் பார்க்க ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வாலைவடிநீர் (காய்ச்சி வடித்த தண்ணீர்) ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டுப் பிஎச் தாளை நனையுங்கள். மண்ணில் குத்தும் மலிவு மீட்டரை நம்ப வேண்டாம்.

போர் தண்ணீர்தான் உண்மையான சிக்கல். அதிலுள்ள பைகார்பனேட் என்ற கார உப்பு மாதாமாதம் பிஎச்சை மேலே தள்ளும், இன்று 6 உள்ள கலவையும் 7.5-ஐத் தாண்டும். அடையாளம்: இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்; அது இரும்புக் குறை. அடி இலையில் அப்படி வந்தால் மக்னீசியம். பயிருக்கு வழக்கமாகப் போடும் அன்னபேதி (இரும்பு சல்பேட்) இந்தப் பிஎச்சில் மண்ணிலேயே முடங்கும், இடிடிஏ (EDTA) இரும்பும் நிலைக்காது. இடிடிஎச்ஏ (EDDHA) என்று அச்சிட்ட இரும்பு வாங்குங்கள். எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றச் சொல்வார்கள். அதை நுண்ணுயிர் தின்றதும் பைகார்பனேட் திரும்ப வந்துவிடும்.

சிறுவாணிக் குழாய் இருந்தால் அதையே ஊற்றுங்கள், அது மென்தண்ணீர். இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்து, வாரத்தில் ஒரு நாளாவது அதை அடித்துளை வழியே வடியும் அளவுக்கு ஊற்றுங்கள். மேலே 5 செ.மீ. சருகு மூடாக்கு, தண்டைச் சுற்றி நான்கு விரல் விட்டு. இலைமட்கு கரைந்து தொட்டி மண் வருடத்துக்கு இரண்டு அங்குலம் தாழும். அந்த இடத்தில் புதிய இலைமட்கை மேலாகப் போடுங்கள், கிளறி விடாதீர்கள். மிளகின் உணவு வேர் மேல்மட்டத்தில்தான் ஓடுகிறது.