மறு: நிலைசார் தலைசுற்றல் – வேறு சொல் தேவையா?

> "நிலைசார் தலைசுற்றல்" மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாமே.

வணக்கம் ஐயா. அகராதிக்காக நாம் தமிழாக்கும் "positional vertigo" என்ற மூலத்துக்கு நெருக்கம்தான், நோய்க்கு நெருக்கமில்லை. "நிலை" என்றதும் நிலைத்திருப்பது என்றுதான் முதலில் தோன்றும். இதுவோ படுக்கும்போதும் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் வந்து, பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுவது. "தலையசைவுக் கிறுகிறுப்பு" என்கிறேன். "மயக்கம்" வேண்டவே வேண்டாம். கண் இருண்டு விழப்போவதையும் மக்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது "otolith" என்பதற்கான "செவிக்கல்". உட்செவிப் பையிலிருந்து உதிர்ந்து, தலையின் சுழற்சியை உணரும் அரைவட்டக் குழலுக்குள் போகும் துகள்கள் மைக்ரான் அளவில்தான் இருக்கும். "கல்" என்றால் சிறுநீரகக் கல்லைப் போலக் கரைக்க மருந்து கேட்பார்கள். "செவிமணல்" போதும்.

இந்த இடத்தில் சொல் தவறினால் மருந்தும் தவறும். 2020-இல் வெளியான கொரிய ஆய்வில், இரத்தத்தில் வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு 400 அலகு வைட்டமின் டி-யும் 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டும் தினம் இருவேளை, ஓராண்டு கொடுத்தார்கள். வைட்டமின் டி அளவு பார்க்காத குழுவில் கிறுகிறுப்பு ஆளுக்கு ஆண்டுக்கு 1.10 முறை திரும்பி வந்தது, பார்த்துக் கொடுத்த குழுவில் 0.83 முறை. செவிமணலும் கால்சியம் கார்பனேட்தான்! "கல்" என்று படித்தவர், கல்லை வளர்க்கும் என்று பயந்து அந்த மாத்திரையைத் தூக்கி எறியமாட்டாரா?

ஆகவே "supplement"-க்கு வைத்த "துணையூட்டம்" என்பதற்கும் மாற்று வேண்டும். அது சத்துமாவு விளம்பரம்போல், யாரும் எப்போதும் சாப்பிடலாம் என்று ஒலிக்கிறது. "குறைநிரப்பு" என்றால், குறை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே வந்துவிடும். அளவு மீறினால் இரத்தத்தில் கால்சியம் ஏறும்.

---

செவிமணல், குறைநிரப்பு இரண்டுக்கும் என் ஒப்புதல். "தலையசைவு" மட்டும் இடிக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து இடவலமாகத் தலையாட்டினால் இது பொதுவாக வராது. புவியீர்ப்புத் திசையோடு ஒப்பிட்டால் தலை சாயும் கோணம் மாறினால்தான் மணல் உருளும். "தலைச்சாய்வுக் கிறுகிறுப்பு" என்றால் சரியாக இருக்கும்.

குறைநிரப்பு அடுத்த முறை வராமல் தடுக்கத்தான். ஏற்கெனவே குழலில் கிடக்கும் மணலை மாத்திரை நகர்த்தாது. அதற்கு எப்லி முறை என்னும் நிலைமாற்றுச் சிகிச்சை: தலையைப் பாதித்த பக்கம் 45 பாகை திருப்பி, தலை சற்றுத் தொங்கும்படி மல்லாத்துதல், எதிர்ப்பக்கம் 90 பாகை, உடலோடு இன்னொரு 90 பாகை, பிறகு எழுப்புதல். கண்துடிப்பு (கிறுகிறுப்பின்போது கண்மணி தானாக ஆடுவது) நிற்குமுன் அடுத்த நிலைக்குப் போனால் மணல் வெளியேறாமல் போகலாம். பக்கம் மாறினாலும் வீண்தான். கழுத்து எலும்புத் தேய்வு உள்ளவர்கள் தாங்களாகவே செய்யக் கூடாது.

இதற்கு "மணல் மீட்பு" என்று பெயரிடலாமா?

---

தலைச்சாய்வு என்பதே சரி, என் சொல்லை விட்டுவிடுகிறேன். "மீட்பு" வேண்டாம். பைக்குத் திருப்பி அனுப்புகிறோம், எடுத்துவிடவில்லை. "மணல் திருப்பல்" என்று அகராதியில் ஏற்றுகிறேன்.