பையன்களிடம் பருவ மாற்றம் பேசுவது எப்படி? அப்பாக்களின் உதவி தேவை

வணக்கம். 4, 5-ஆம் வகுப்புப் பெற்றோருக்காக ஒரு மணி நேர அமர்வு தயார் செய்கிறோம். பெண் பிள்ளைகள் பகுதி கிட்டத்தட்ட முடிந்தது. மார்பு அரும்பத் தொடங்கி ஏறக்குறைய 2, 2½ வருஷத்தில் மாதவிடாய் வரும். அதனால் அரும்பும்போதே பேசிவிடச் சொல்கிறோம். முதலில் ஒரு பக்கம் மட்டும் சின்னக் கட்டிபோலத் தட்டுப்படும், தொட்டால் வலிக்கும். பயந்து ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள், பெரும்பாலும் தேவையே இல்லை. நாப்கினை உள்ளாடையில் ஒட்டிக் காட்டுவது, 4 முதல் 6 மணி நேரத்துக்கொருமுறை மாற்றுவது, தாளில் சுற்றிக் குப்பையில் போடுவது எல்லாம் சேர்த்தாயிற்று. மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ 7 நாள் தாண்டினாலோ டாக்டரிடம் போகணும்.

சிக்கல் பையன்கள் பகுதியில்தான். அவர்களுக்கு முதல் மாற்றம் விரை பெரிதாவது, பெரும்பாலும் 9 முதல் 14 வயசுக்குள். அது யார் கண்ணிலும் படாது. மீசை அரும்பட்டும், குரல் உடையட்டும் என்று வீட்டில் காத்திருப்பதற்குள் தூக்கத்தில் விந்து வெளியேறத் தொடங்கிவிடும். பையன் நோய் என்று பயந்து போர்வையை ஒளித்து வைப்பான். மிச்சத்தை 'நரம்புத் தளர்ச்சி' டிவி வைத்தியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்!

இதை மகனிடம் பேசிய அப்பாக்கள், மாமாக்கள் சொல்லுங்கள்: முதல் வாக்கியம் என்ன? எதிரே உட்கார்ந்தா, வண்டியில் போகும்போதா? அவன் திருப்பிக் கேட்ட கேள்வி என்ன? அம்மா மட்டுமே உள்ள வீடுகளில் எப்படிச் சமாளித்தீர்கள்? பிள்ளையின் பெயர், பள்ளி எதுவும் வேண்டாம். வயசு மட்டும் போடுங்கள்.