வாட்சப் குழுவில் 212 பேர், நிகழ்ச்சிக்கு வந்தது 31 பேர்: எங்கே தவறுகிறோம்?

புது உதவிச் செயலாளர் எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் ஒரு சிறிய தமிழ் அமைப்பில் இருக்கிறேன். பெயர் வேண்டாம், ஊகிக்க முடிந்தவர்கள் மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். போன ஆண்டுக் கூட்டத்தில் "இளையர் யாராவது முன்னுக்கு வாங்களேன்" என்று தலைவர் சொன்னபோது அறையில் நாற்பது வயதுக்குக் கீழே இருந்தது நான் ஒருத்தன்தான், அதனால் உதவிச் செயலாளர் ஆகிவிட்டேன். இங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது, எல்லாரும் வேலை முடிந்து வந்து செய்கிறவர்கள், அதனால் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

நடந்தது இதுதான். ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி ஒரு நிகழ்ச்சி வைத்தோம். முதலில் அங் மோ கியோவில் இடம் பிடித்திருந்தோம். அந்த வாரம் வியாழக்கிழமை அங்கே குளிர்சாதனம் பழுது என்று தெரிய, அவசர அவசரமாகத் தோ பாயோவுக்கு மாற்றினோம். இரவு 11.40க்கு வாட்சப் குழுவில் இடமாற்றத்தைப் போட்டேன். மறுநாள் விடியற்காலை ஓர் உறுப்பினருக்குப் பிறந்தநாள். ஒருவர் கேக் படம் போட்டார், அதற்கப்புறம் 64 வாழ்த்து, உட்கார்ந்து எண்ணினேன். அதற்கு மேலே காலை வணக்கம், ரோஜாப்பூ, சர்க்கரைக்கு வெண்டைக்காய்த் தண்ணீர் குடிக்கச் சொல்லி ஒரு காணொளி.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி 80 பொட்டலம் வாங்கி வைத்திருந்தோம். வந்தது 31 பேர். நிகழ்ச்சி தொடங்கி இருபது நிமிடம் கழித்து எனக்கு ஓர் அழைப்பு. எழுபதைத் தாண்டிய பெரியவர், எங்கள் அமைப்பில் ரொம்ப நாள் உறுப்பினர். "தம்பி, கதவு பூட்டியிருக்கே, நேரத்த மாத்திட்டீங்களா?" என்று கேட்டார். அங் மோ கியோவில், வெயிலில், தங்கையோடு நிற்கிறார். வாட்சப்பில் போட்டோமே ஐயா என்றேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது. "நான் பாத்தேனே, கேக்குதான இருந்துச்சு" என்றார். தகவலை அழுத்திப் பார்த்தேன், படித்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது.

இதற்குப் பிறகு உட்கார்ந்து பார்த்தால் எங்களிடம் மொத்தம் ஏழு குழு. உறுப்பினர் குழு, செயலவைக் குழு, தொண்டூழியர் குழு, "பொங்கல்", "பொங்கல் புதுசு" என்று இரண்டு, யாரும் மூடாத ஒரு பழைய சுற்றுலாக் குழு, இன்னொன்று எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. மின்னஞ்சல் ஒன்றும் உண்டு, கடவுச்சொல் முன்னாள் பொருளாளரிடம். முக்கியமான முடிவுகள் கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நின்று பேசும்போது எடுக்கப்படுகின்றன, அங்கே இல்லாதவனுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும்.

இப்படி அமைப்பு நடத்துகிறவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? செயலி ஏதாவது வாங்க வேண்டுமா?

---

முன்னாள் செயலாளர் எழுதியது:

செயலி எதுவும் வாங்காதீர்கள் தம்பி. ஆறு வருடம் இந்த வேலை பார்த்தேன், இடையில் ஒரு செயலி இறக்கினோம், பதிவு செய்தது 19 பேர், அதில் ஐந்து பேர் செயலவை.

உங்கள் ஏழு குழுவையும் இரண்டாக ஆக்குங்கள். ஒன்று அறிவிப்புக்கு, நிர்வாகிகள் மட்டும் எழுதுகிற மாதிரி அமைத்துவிடலாம், அந்த வசதி வாட்சப்பில் 2018லிருந்தே இருக்கிறது. இன்னொன்று அரட்டைக்கு, கேக், ரோஜாப்பூ, வெண்டைக்காய் எல்லாம் அங்கே. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வாயை அடைக்கிறார்கள் என்பார்கள். அதனால் வாழ்த்தைத் தடை செய்யாதீர்கள், அதற்கு ஓர் இடம் கொடுங்கள். வாழ்த்துப் போடுகிறவர்தான் பல நேரம் நாற்காலி தூக்கவும் வருவார், அவரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலை நம்பிவிடாதீர்கள். உங்கள் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுந்தான் அது போய்ச் சேரும், ஒரு பட்டியலில் 256 பேர்தான். எங்களுக்கு இது தெரியவே ஒரு வருடம் ஆனது. அனுப்பிவிட்டோம் அனுப்பிவிட்டோம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தோம், பாதிப் பேருக்குப் போகவே இல்லை.

அப்புறம், எழுதுகிற முறை. பெரும்பாலான அமைப்புகள் "பேரன்புடையீர், தமிழன்னையின் அருளால்" என்று ஆரம்பித்து ஏழாவது வரியில் தேதியைச் சொல்கின்றன. பூட்டிய திரையில் முதல் இரண்டு வரிதான் தெரியும். அந்த இரண்டு வரியில் இடம் மாறியது, எங்கே, எப்போது என்பது வந்துவிட வேண்டும், தமிழன்னை கோபித்துக்கொள்ள மாட்டாள், கீழே வரட்டும். இரவு 11.40க்குப் போடாதீர்கள். மாலை ஏழரைக்குப் போட்டு, முதல்நாளும் காலையிலும் மறுபடி போடுங்கள், மூன்று முறை சொன்னால் தப்பில்லை.

இடம் மாறுவது மாதிரி அவசரத்துக்குத் தொலைபேசிதான். உங்கள் செயலவையில் எத்தனை பேர்? பதினோரு பேர் என்று வையுங்கள், 212ஐப் பிரித்தால் ஆளுக்கு 19, 20 பேர். இந்தப் பட்டியல் எப்போதும் தயாராக இருக்க வேண்டும், யாருக்கு யார் பொறுப்பு என்று. ஒரு மாலையில் முடிந்துவிடும். நாங்கள் இதைச் செய்தபோது வருகை கூடியது ஒரு பக்கம், யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீடு மாறிவிட்டார், யார் எங்கள் மேல் வருத்தமாக இருக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிந்தது.

---

தேக்கா வாசி எழுதியது:

80 பொட்டலத்தில் மிச்சம் 49 எங்கே போச்சு என்று யாரும் கேட்கவில்லையே. எந்தக் கடை?

---

விதிப்புத்தகம் எழுதியது:

மேலே சொன்னது நிகழ்ச்சிக்குச் சரி. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு அப்படிச் செய்யுமுன் உங்கள் சட்டவிதியை எடுத்துப் படியுங்கள். பலருக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது, பழைய செயலாளர் வீட்டுப் பெட்டிக்குள் இருக்கும்.

சங்கங்களின் பதிவகம் தருகிற மாதிரிச் சட்டவிதியில் ஆண்டுக் கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பு அறிவிப்புத் தர வேண்டும், சிறப்புப் பொதுக்கூட்டத்துக்குப் பத்து நாள். வாக்குரிமை உள்ளவர்களில் கால்வாசிப் பேர் அல்லது 30 பேர், இதில் எது குறைவோ அதுதான் கோரம், அதாவது கூட்டம் நடக்க வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை. அத்தனை பேர் வரவில்லையென்றால் அரை மணி நேரம் தள்ளிவைத்து, அப்போது இருப்பவர்களை வைத்து நடத்தலாம், ஆனால் சட்டவிதியைத் திருத்த முடியாது. உங்கள் விதி வேறாக இருக்கலாம், பாருங்கள். அறிவிப்பு எப்படிப் போக வேண்டும் என்று அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் விஷயம். அஞ்சல் என்று இருந்து நீங்கள் வாட்சப்பில் மட்டும் போட்டால், தேர்தலில் தோற்றவர் முதலில் கேட்பது அதைத்தான். எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் இதனாலேயே தேர்தலை மறுபடி வைத்தார்கள், அதற்குப் பிறகு இரண்டு குடும்பம் பேசிக்கொள்வதில்லை.

இன்னொன்று, அந்தத் தொலைபேசிப் பட்டியல். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2012ல் வந்தது, சின்ன அமைப்பு, தொண்டு அமைப்பு என்று விலக்கு ஒன்றும் இல்லை, தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவரை நியமிக்க வேண்டும், அது உங்கள் பொருளாளராகவே இருக்கலாம். பழைய உறுப்பினர் படிவத்தில் அடையாள அட்டை எண்ணை முழுசாகக் கேட்டிருப்பீர்கள். 2019 செப்டம்பரிலிருந்து சட்டப்படி தேவைப்படும் இடத்தில், அல்லது ஆளை மிகத் துல்லியமாக உறுதிசெய்ய வேண்டிய இடத்தில் தவிர அதைக் கேட்கக் கூடாது. 212 பேருடைய அடையாள அட்டை எண்ணும் பிறந்த தேதியும் உள்ள எக்செல் கோப்பைப் பதினோரு பேர் கைப்பேசிக்கு அனுப்பிவிடாதீர்கள். ஆளுக்கு அவரவர் இருபது பேருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் போதும்.

---

வெறும் உறுப்பினர் எழுதியது:

செயலவையில் இருந்தவர்களே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், சந்தா கட்டுகிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லட்டுமா.

எங்களுக்குத் தகவல் வராமல் இல்லை. எல்லாம் முடிவானதற்கு அப்புறம்தான் வருகிறது. நான் வேறொரு அமைப்பில் தொண்டூழியன், நான்கு வருடமாக மேடைக்குப் பின்னால் ஒலிபெருக்கி பார்க்கிறேன். போன முறை அரங்கத்துக்கு வந்த பிறகுதான் நாடகம் உண்டு என்று தெரிந்தது, ஆறு பேர் பேசுகிறார்கள், என்னிடம் இருப்பது இரண்டு ஒலிவாங்கி. ஏன் முன்பே சொல்லவில்லை என்றால் "குழுவில் போட்டோமே" என்கிறார்கள். எந்தக் குழு? செயலவைக் குழு. நான் அதில் இல்லை. திட்டம் போடுகிறபோதே "அண்ணே, எத்தனை மைக் தேவைப்படும்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்தது.

முன்னாள் செயலாளர் சொன்ன நிர்வாகி மட்டும் எழுதும் குழு ஒருவழிப் பாதை, அதை மட்டும் வைத்தால் நாங்கள் அறிவிப்புப் பலகையைப் பார்க்கிறவர்கள், அவ்வளவுதான். செயலவைக் கூட்டம் முடிந்த மறுநாள் ஐந்தே வரி போடுங்கள், என்ன பேசினோம், எது முடிவானது, எது இன்னும் முடிவாகவில்லை, யாரைக் கேட்கலாம் என்று. முடிவாகாததைச் சொல்ல ஏன் இவ்வளவு பயம் என்று தெரியவில்லை. அதைச் சொன்னால்தான் நான் என் யோசனையைச் சொல்வேன்.

கார் நிறுத்துமிடத்தில் பேசுவதை நிறுத்த முடியாது, எங்கள் ஊர்க்கோயில் திண்ணையிலிருந்து வருகிற பழக்கம் அது. ஆனால் அங்கே பேசியதை அன்று இரவே யாராவது ஒருவர் எழுதிவிட வேண்டும்.

---

பிடோக் அக்கா எழுதியது:

தம்பி, அந்தப் பெரியவர் மாதிரிதான் எங்கள் அம்மாவும். எல்லாரும் சுவரொட்டியைப் படமாக அனுப்புகிறீர்கள், அழகுக்குப் பின்னால் சிவப்பு, அதன்மேல் மஞ்சளில் பொடி எழுத்து, அம்மா கைப்பேசியை என்னிடம் நீட்டி "என்ன போட்டிருக்கான்" என்பார். படத்தோடு சேர்த்து எழுத்தாகவும் போடுங்கள். இன்னும் நல்லது, நீங்களே முப்பது வினாடி பேசி அனுப்புங்கள், குரல் தெரிந்த குரல் என்றால் அம்மா இரண்டு முறை கேட்பார்.

இந்தப் பக்கம் என் மகன். தமிழ் பேசுவான், படிக்க நேரமாகும். நீளமான தமிழ் அறிவிப்பு வந்தால் அப்புறம் படிக்கலாம் என்று தள்ளிவிடுவான், அந்த அப்புறம் வராது. ஆங்கிலத்தில் இரண்டு வரி கீழே சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? தமிழ் அமைப்பில் ஆங்கிலமா என்று ஒரு கூட்டத்தில் பெரிய சண்டையே நடந்தது, எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் வராத பிள்ளைக்கு எப்படித் தமிழ் சொல்லித்தருவீர்கள். அரங்கத்துக்குள் வந்தபின் முழுக்கத் தமிழிலேயே நடத்துங்கள், வாசலில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

முடிவு நேரத்தையும் போடுங்கள். ஷிப்ட் வேலைக்காரர்களும் சின்னப் பிள்ளை உள்ளவர்களும் அதைப் பார்த்துத்தான் வருவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறோம்.

---

புது உதவிச் செயலாளர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மிச்சம் 49 பொட்டலமும் பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில் அரை மணியில் தீர்ந்துவிட்டது, கடையைச் சொல்ல மாட்டேன்.

நேற்றுச் செயலவையில் பேசினோம். அறிவிப்புக் குழுவுக்குச் சரி என்றார்கள். விடியற்காலை ஐந்தரைக்கு முதல் காலை வணக்கம் போடுவது எங்கள் தலைவர்தான், அதனால் பிரிக்கும் பேச்சு வந்ததும் அறையில் கொஞ்ச நேரம் அமைதி, கடைசியில் அவரே சிரித்துவிட்டு அரட்டைக் குழுவுக்கு நானே பொறுப்பு என்றார். ஐந்து வரிக் குறிப்புக்குத்தான் எதிர்ப்பு, முடிவாகாததை வெளியே சொன்னால் வதந்தி கிளம்பும் என்று இருவர் சொன்னார்கள். மூன்று மாதம் செய்து பார்க்கலாம் என்று விட்டிருக்கிறோம். ஆங்கில வரிகள் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயின, அது லேசில் முடியாது. சட்டவிதி கிடைத்துவிட்டது, விதிப்புத்தகம் சொன்ன மாதிரியே ஒரு பெட்டிக்குள், மழைக்குடைக்குக் கீழே. அஞ்சல் என்றுதான் போட்டிருக்கிறது.

தொலைபேசிப் பட்டியலில் அந்தப் பெரியவரை நானே எடுத்துக்கொண்டேன். இன்று மாலை கூப்பிட்டு, வெயிலில் நிற்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அதையெல்லாம் விடு என்று, சங்கத்தில் அந்தக் காலத்தில் அஞ்சலட்டையில் கையால் எழுதி அனுப்பியதை முக்கால் மணி நேரம் சொன்னார். அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தோ பாயோ வரவேண்டும் ஐயா என்றேன். "வர்றேன், எங்க வீட்டிலேருந்து எந்த பஸ்ஸு?" என்று கேட்டார். அது நான் தயாராக வைத்திருந்த அறிவிப்பில் இல்லை, இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.